விருமாண்டியின் பத்தியம்

காவிக்கல்லை வெண்ணெய் மாதிரி இழைத்தால்தான் எழுத்து தோலில் நிற்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. அவசரக்காரனுக்கு இந்தத் தொழில் லாயக்கில்லை. பரவையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் யாருக்கு அக்கி கண்டாலும் இந்தச் சிவனாண்டியிடம்தான் வருவார்கள். மூன்று நாள் காலையில் கொப்புளத்தின் மேல் காவியால் சிங்கம் எழுதுவேன். பதினைந்து நாளில் எல்லாம் காய்ந்து உதிர்ந்துவிடும். எழுதாவிட்டாலும் உதிரும் என்று சொல்கிறவர்களும் உண்டு. பொறாமைக்கு மருந்து ஏது?

முப்பத்தெட்டாம் வருசம் பொங்கல் கழிந்து விருமாண்டிக்கு எழுதினேன். நல்ல சம்சாரி. சந்தையில் இந்த மூலையில் பேசினால் அந்த மூலைக்குக் கேட்கிற தொண்டை. அவருக்கும் கொப்புளம் சொன்னபடி உதிர்ந்தது. ஆனால் தோல் ஆறிய பிறகும் விலாவில் வலி மட்டும் நின்றுவிட்டது.

"துண்டு பட்டாலே கொள்ளிக்கட்டைய வச்ச மாதிரி எரியுதப்பா சிவனாண்டி. எழுதி என்ன பிரயோசனம்?"

இதை என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. பரவைச் சந்தையில், மாட்டுத் தரகர்கள் நடுவில், விலாவைத் திறந்து காட்டிக்கொண்டு சொன்னார். அடுத்த வாரம் என் வாசலுக்கு இரண்டே பேர்தான் வந்தார்கள். எனக்கு நெஞ்சு எரிந்தது. அந்த எரிச்சலை நான் எந்தச் சந்தையில் போய்க் காட்ட?

எழுத்து பொய்க்காது, ஐயா. அப்படியானால் தப்பு அவர் வாயில்தான் இருக்க வேண்டும். "நீங்க பத்தியம் இருக்கல," என்றேன். முதலில் புளியும் நல்லெண்ணெயும் நிறுத்தினேன். வலி போகவில்லை. உப்பை நிறுத்தினேன். பிறகு பருப்பு, அப்புறம் மோர். மனுசர் மறுபேச்சே பேசவில்லை. வலி தீரும் என்று சொல்லிப் பாருங்கள், எப்பேர்ப்பட்ட முரடனும் நல்ல பிள்ளையாகிவிடுவான்.

நடுவில் வண்டி கட்டிக்கொண்டு மதுரைக்குப் போய் ஒரு இங்கிலீஷ் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். புண் ஆறினாலும் நரம்பில் வலி மாசக்கணக்கில் இருக்கும், மெல்லத் தானே தணியும், நன்றாகச் சாப்பிடுங்கள் என்று சொல்லி, தூங்குவதற்கு மருந்தும் கொடுத்தாராம். அந்தச் சீசாவை நான்தான் கொல்லையில் கவிழ்த்தேன். ஒரே உடம்பில் இரண்டு வைத்தியம் ஆகாது என்று அவர் மனைவி அன்னக்கொடிக்கு எடுத்துச் சொன்னேன். நம்பினாள்.

ஏழாவது வாரம் கஞ்சித்தண்ணி மட்டும் என்றேன்.

"அண்ணே, இவுக நெசமாவே ஒண்ணும் திங்கல. எந்திரிக்கவே மாட்டாம கெடக்குறாக."

"கண்ணுல மண்ணைத் தூவிட்டுத் திங்க எம்புட்டு நேரமாகும் தாயி?"

அன்றிலிருந்து அவள் அடுக்களையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். விருமாண்டி அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டு கிடப்பார். பாவமாகத்தான் இருந்தது. நானும் மனுசன்தானே.

டாக்டர் சொன்னது உனக்குப் புரியவில்லையா என்று கேட்கிறீர்கள். புரிந்தது, ஐயா. என் தாய்க்கும் அக்கி வந்தது, நானேதான் எழுதினேன். இரண்டு வருசம் இதே எரிச்சல். அவள் எல்லாவற்றையும் தின்றாள், என்னையும் திட்டினாள். பிறகு வலி தானாகவே போய்விட்டது. வீட்டுச் சங்கதியை வெளியே சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

பத்தாவது வாரம் விருமாண்டி செத்துப்போனார். தூக்கும்போது தலையணைக்கடியில் கடித்த கருவாட்டுத் துண்டு ஒன்று கிடந்ததை ஊரே பார்த்தது. "நான் அசந்த நேரத்துல தின்னு உசுர விட்டுட்டீகளே," என்று அன்னக்கொடி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சந்தையிலும் அதே பேச்சு. இப்போது என் வாசலில் பழையபடி கூட்டம்.

கருவாடு எப்படி வந்தது என்றுதானே கேட்டீர்கள். நான்தான் கடித்து வைத்தேன். வேறு என்ன செய்ய, ஐயா? அந்த மனுசர் கடைசிவரை ஒரு பருக்கைகூடப் பத்தியத்தை மீறவில்லை.