அஞ்சாவது கட்டம்

சந்தனமாரி: இப்படி இல்ல. இடுப்புல கையை வச்சுக்கிட்டுல்லா சொன்னீங்க. இன்னொருக்கச் சொல்லுங்க.

மணிராஜ்: போளா... போன வைகாசியில சொன்னதை இப்ப என்னத்துக்குத் தோண்டுத?

சந்தனமாரி: சரி, நானே சொல்லுதேன். 'ஊருல எவனாவது புல்லு வெதைப்பானாளா? அது தானா மொளைக்கும்!' இதானே?

மணிராஜ்: அதுக்கு நீ, 'தானா மொளைச்சது தானாத்தான் காஞ்சும் போவும்'ன்ன.

சந்தனமாரி: பொறவு?

மணிராஜ்: பொறவு என்ன... சாயா ஆறுது, குடி.

சந்தனமாரி: பொறவு?

மணிராஜ்: 'அடுத்த சித்திரை முடிய ஒரு கட்டு வைக்கோல் வெலைக்கு வாங்காம நாலு மாட்டையும் நீ காப்பாத்திட்டன்னா, என்ன கேட்டாலும் செய்யுதேன்'ன்னேன். போதுமா?

சந்தனமாரி: இன்னைக்கு என்ன தேதி?

மணிராஜ்: வைகாசி ஒண்ணு. விடிஞ்சதுல இருந்து மூணு தடவை காலண்டரைக் காட்டிட்டயே!

சந்தனமாரி: வைக்கோல் வாங்கினமா?

மணிராஜ்: ஒரு துரும்பு வாங்கல.

சந்தனமாரி: அப்ப யாரு ஜெயிச்சா?

மணிராஜ்: நீதான்.

சந்தனமாரி: காதுல விழல.

மணிராஜ்: நீதாம்ளா! ஊருக்கே கேக்கட்டும்! நான் மொட்டையா மேயவிட்டுக் கெடுத்த நெலம். நீ அஞ்சு கட்டமாப் பிரிச்ச. கரண்டைக்கால் ஒசரம் புல்லு மிச்சம் இருக்கையிலேயே மாட்டை அடுத்த கட்டத்துக்கு மாத்துன. நான் சிரிச்சேன். இப்பம் சுத்திலும் கருகிக் கெடக்கு, நம்ம கொழுக்கட்டைப்புல்லு மட்டும் தழைச்சு நிக்கு. மாட்டு டாக்டரே வண்டியை நிறுத்தி எறங்கிப் பாத்துட்டுப் போறாரு.

சந்தனமாரி: ம்ம்... அந்தக் 'கெடுத்த நெலம்' மட்டும் இன்னொருக்க.

மணிராஜ்: ஒனக்குக் கொழுப்பு கூடிப்போச்சு. சரி, கேளு. கம்மலா? இல்ல, வண்ணார்பேட்டைக்குப் போய் சேலையா?

சந்தனமாரி: சேலைக்கா ஒரு வருசம் புல்லுக்குள்ள கெடந்தேன்?

மணிராஜ்: பின்ன?

சந்தனமாரி: கேக்கேன்... இருங்க.

மணிராஜ்: நீ இரு. நான் ஒண்ணு கேக்கேன். நாலு கட்டத்துலதான் மாத்தி மாத்தி மேய்க்க. வரப்போரத்துல இருக்குத அஞ்சாவதுல ஒரு நாள் கூட மாட்டை விடல. ஏன்?

சந்தனமாரி: அது... விதைக்கு.

மணிராஜ்: விதையை மாசியிலேயே உருவிட்ட.

சந்தனமாரி: நானும் ஒண்ணு கேக்கேன். அதே வரப்போரத்துல அகத்தியில தெனமும் நாலு கொப்பு கொறையுது. எந்தக் களவாணியோ...

மணிராஜ்: ஆடு கடிச்சிருக்கும்.

சந்தனமாரி: அருவாளை வச்சா கடிக்கும்?

மணிராஜ்: ...வெயில் ஏறுது. மாட்டுக்குத் தண்ணி காட்டணும்.

சந்தனமாரி: உக்காருங்க. நாளைக்குச் செவ்வாக்கிழமை.

மணிராஜ்: அதுக்கு?

சந்தனமாரி: மேலப்பாளையம் சந்தை. ஒங்க அண்ணன் மூணு மாட்டையும் ஏத்துதாரு. தீவனம் இல்ல. வண்டி பேசியாச்சாம்.

மணிராஜ்: மூணையுமா? அந்தச் செவலையையுமா?... சரி, அவன் பேச்சு நமக்கு எதுக்கு?

சந்தனமாரி: நாலு வருசமா அந்தப் பேச்சுதான் என் தொண்டையில நிக்கு. அன்னைக்கு நம்ம மாட்டுக்குத் தீவனம் இல்லாம நின்னப்போ, 'தம்பி, என் சோளத்துல மேயவிடுலே'ன்னு அத்தான் அவராத்தானே கூப்பிட்டாரு?

மணிராஜ்: மேஞ்ச ரெண்டு மாடும் நின்ன எடத்துலயே விழுந்து செத்துச்சே!

சந்தனமாரி: மழையில்லாம வாடுன இளஞ்சோளம். பூக்கதுக்கு முன்ன தின்னா மாட்டுக்கு அதுவே விசம்னு டாக்டர் சொன்னாருல்லா? அத்தானுக்கும் தெரியாது, ஒங்களுக்கும் தெரியாது. நீங்க என்ன சொன்னீங்க?

மணிராஜ்: விடுளா.

சந்தனமாரி: போன வைகாசியில பேசுனது ஞாபகம் இருக்கு. இது இல்லியா?

மணிராஜ்: 'பொறாமையில விசம் வச்சிட்டான்'ன்னேன்... ஊரு கூடி நிக்கையில.

சந்தனமாரி: மறுநாளே ஒரு வரப்புக்கு ரெண்டு வேலி வந்துச்சு. அவரு முள்ளு அந்தப் பக்கம், நம்ம முள்ளு இந்தப் பக்கம்.

மணிராஜ்: டாக்டர் சொன்ன அன்னைக்கே எனக்குத் தெரியும், தப்பு என் மேலதான்னு. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போவ? அதான்...

சந்தனமாரி: அதான்?

மணிராஜ்: சித்திரை பொறந்ததுல இருந்து, விடியதுக்கு முன்ன அகத்தியை வெட்டி அந்தப் பக்கம் வீசுதேன். அவன் மாட்டுக்கு.

சந்தனமாரி: தெரியும். ஒங்க துண்டு முள்ளுல மாட்டிக் கெடந்துச்சு.

மணிராஜ்: தெரிஞ்சுக்கிட்டா களவாணின்ன? சரி, இப்ப நீ சொல்லு. அஞ்சாவது கட்டம்?

சந்தனமாரி: அத்தான் மாட்டுக்கு. வெதைக்கையிலேயே நாலு மாட்டுக்கு வெதைக்கல, ஏழுக்குத்தான் வெதைச்சேன்.

மணிராஜ்: ஏளா...!

சந்தனமாரி: இப்பம் கேக்கேன். கம்மல் வேண்டாம், சேலை வேண்டாம். அவரு அன்னைக்கு ஒங்களைக் கூப்பிட்ட மாதிரி, நீங்க இன்னைக்கு அவரைக் கூப்பிடணும்.

மணிராஜ்: 'ஒன் புல்லை நம்பி என் மாட்டை விடவா'ன்னு கேட்டான்னா?

சந்தனமாரி: கேட்டா வாங்கிக்கிடுங்க. அந்தா, செவலையைத் தடவிக்கிட்டு வரப்புலதான் நிக்காரு. போங்க!

மணிராஜ்: அண்ணே... தளவாய் அண்ணே! காது கேக்கலியா?

தளவாய்: நாலு வருசம் கழிச்சுக் கேக்குத சத்தம்லே. நெசந்தானான்னு பாத்தேன். சொல்லு.

மணிராஜ்: அன்னைக்கு நான் சொன்னது தப்பு. நீ விசம் வைக்கல. ஊரு கேக்கத்தான் சொன்னேன், இதையும் ஊரு கேக்கவே சொல்லுதேன். சந்தைக்கு ஏத்தாத அண்ணே. ஒன் மாட்டை எங்க புல்லுல மேயவிடு... இந்தா, வேலியைப் பிரிக்கேன்.

தளவாய்: பையலே, முள்ளு குத்திரும். ஒன் பக்கம் மட்டும் எடு, போதும். மொத அகத்திக்கொப்பு வந்து விழுந்த அன்னைக்கே என் பக்கத்து வேலிக் கயித்தை அவுத்துட்டேன். முள்ளு சும்மா சாஞ்சுதாம்லே நிக்கு.