கேள்வி அவரோடது

எழுபத்தொண்ணுதாம்மா. எழுதிக்குங்க. ஏன், கை நின்னுபோச்சு? அப்படித் தெரியலையேன்னு சொல்ல வர்றீங்க, அதானே? சொல்லிடுங்க. வாசல்ல டோக்கன் குடுத்த பொண்ணு சொல்லியாச்சு, ரத்த அழுத்தம் பாத்த நர்சு சொல்லியாச்சு, நீங்க ஒருத்தர்தான் பாக்கி. எழுபத்தொரு வயசுன்னா எப்படித் தெரியணும்னு நீங்கெல்லாம் எங்க போய்ப் படிச்சிட்டு வந்தீங்கன்னுதான் எனக்குப் புரியல. இதுதான் எழுபத்தொண்ணு. இப்படித்தான் இருக்கும்.

அய்யோ, கோபமெல்லாம் இல்லம்மா. என் குரலே அப்படி. இந்தக் குரலுக்குத்தான் டிவிக்காரன் சம்பளம் குடுக்குறான்.

எங்க வீட்டுக்காரர அப்புறம் கூப்பிடலாம். தெரியும், கூட வந்தவங்ககிட்டயும் நாலு வார்த்தை கேப்பீங்க, அதுதான் உங்க வழக்கம். முதல்ல என்னைப் பாத்து முடிங்க. அவர் பாட்டுக்குப் பேப்பர வச்சிட்டு உக்காந்திருப்பாரு. கதவுகிட்டயே உக்கார வச்சிட்டு, ஒரு கண்ணு வச்சுக்கோம்மான்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டுத்தான் உள்ள வந்தேன்.

அந்த அஞ்சு வார்த்தையா? கொஞ்ச நேரம் கழிச்சுக் கேக்கறேன்னீங்களே. இப்பவே வாங்கிக்குங்க. சாவி, குடை, ஆரஞ்சு, பாலம், சட்டை. பின்னாலருந்து வேணுமா? சட்டை, பாலம், ஆரஞ்சு, குடை, சாவி. நூறுலருந்து ஏழு ஏழாக் கழிக்கச் சொன்னீங்க பாருங்க, அதுல ஒரு எடத்துல தடுமாறினேன், ஒத்துக்கறேன். ஆனா அத வயசுக் கணக்குல சேத்துராதீங்க. பள்ளிக்கூடத்துலயே கணக்கு டீச்சர் என்னைப் பாத்தா கண்ண மூடிக்குவாங்க.

டிவியில நடந்தத நீங்களும் பாத்தீங்களா? அன்னிக்கே, லைவா? ஓ, அப்புறம் போன்ல. எல்லாரும் போன்லதான் பாத்தாங்க. எங்க காமெடி நிகழ்ச்சிய உக்காந்து பாக்காதவங்க எல்லாம் அந்த அரை நிமிஷத்த மட்டும் பாத்தாங்க. அந்த வீடியோவுக்கு மேல என்ன எழுதியிருந்தாங்க, ஞாபகம் இருக்கா? வசனம் மறந்தும் எப்படிச் சமாளிச்சாங்க பாருங்க, இந்த வயசிலயும்னு. பக்கத்துல அழுகுற பொம்மை, கை கூப்புற பொம்மை எல்லாம் வேற.

இந்த வயசிலயும். இத எவன் கண்டுபிடிச்சானோ, அவன் மட்டும் என் கையில கிடைக்கணும். வாரா வாரம் எங்க நிகழ்ச்சிய நடத்துற பையன் ஒருத்தன் இருக்கான், பாத்திருப்பீங்க, பளபளன்னு கோட்டு போட்டுட்டு வருவான். இந்த வயசிலயும் நம்மள சிரிக்க வைக்க வர்றாங்க, எழுந்து நின்னு தட்டுங்கங்கறான். ஜனமும் எழுந்து நின்னு தட்டுது. நான் இன்னும் வாயே திறக்கலைம்மா. எதுக்குத் தட்டுறாங்க? மூச்சு விட்டுட்டு இருக்கேன்ல, அதுக்கு.

செட்டுல கீழ ஒரு ஒயர் கிடந்தாப் போதும், மூணு பேரு ஓடி வந்து கையப் புடிச்சுக்குவாங்க. அவங்க அம்மா வயித்துல வர்றதுக்கு முன்னாடிலருந்து ஒயரத் தாண்டிட்டு இருக்கேன் நான். எழுதுற பசங்க இருக்காங்களே, அவங்க ஒரு படி மேல. எனக்குன்னு அவங்க எழுதிட்டு வர்றத நீங்க பாக்கணுமே. பல்செட்டு தண்ணியில விழுந்துச்சு, மூட்டு வலிக்குது, போன தலைகீழாப் புடிச்சிட்டு ஹலோங்கறேன். ஏண்டா, இதத் தவிர எனக்கு வேற ஒண்ணுமே நடக்காதான்னு கேட்டா, நீங்க சும்மா வந்து நின்னாலே போதும்மா, ஜனத்துக்கு உங்கமேல அவ்வளவு பாசம்ங்கறான். பாசத்த வச்சு நான் என்னடா பண்றது? எனக்கு வேண்டியது சிரிப்பு. நல்லா இருந்தா சிரி, இல்லன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கோ. எனக்கு ஒண்ணுமில்ல. நல்லா இல்லாததுக்கும் தட்டினா, நல்லா இருந்தத நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நாங்க நாடகத்துல சேந்த புதுசுல ஒரு அம்மா இருந்தாங்க. எனக்கு அப்ப முப்பது இருக்கும், அவங்களுக்கு இப்ப எனக்கு இருக்கற வயசு. அவங்க மேல எனக்கு இருந்த பொறாமை இருக்கே, சொல்லி மாளாது. ஒரு நாள் என் முறை, நான் மூச்சு விடாமப் பேசி முடிச்சு ஜனம் சிரிக்கப் போற நேரம். அந்தம்மா ஓரமா உக்காந்து மூக்குக்கண்ணாடியக் கழட்டித் துடைச்சாங்க. அவ்வளவுதான் செஞ்சாங்க. மொத்த சிரிப்பும் அந்தப் பக்கம் போயிருச்சு. உள்ள போய்ச் சுவத்துல தலைய முட்டிக்கிட்டேன். பாவம், வயசானவங்கன்னு ஒரு நாளாவது நினைச்சிருப்பேனா? இந்தப் பொம்பளைய எப்படிக் கவுக்கறதுன்னுதான் யோசிச்சேன். கடைசி வரைக்கும் முடியல. அதுதாம்மா மரியாதை. அவங்களுக்கும் அது தெரியும். என்னைப் பாத்தா முறைப்பாங்க.

இப்ப என்மேல யாருக்குமே பொறாமை இல்ல. எங்ககூட ஒரு பொண்ணு நடிக்குதே, சுருட்டை முடி, அதுதான். கெட்டிக்காரி, நான் இல்லைங்கல. அவளோட ஒரு சிரிப்ப நான் வேணும்னே நடுவுல பூந்து தட்டிப் பறிச்சேன். ரோஷம் வரணுமா வேண்டாமா? சோ க்யூட், குழந்தை மாதிரி இருக்கீங்கம்மான்னு கன்னத்தக் கிள்ளுறா. அப்படியே பளார்னு ஒண்ணு விடலாம்னு இருந்துச்சு. அதுக்கும் தட்டியிருப்பாங்க, இந்த வயசிலயும் கையில எவ்வளவு தெம்பு பாருங்கன்னு.

அவளே போன மாசம் பாதி வசனத்துல நின்னுட்டாம்மா. அய்யோ, மறந்துட்டேனேன்னு நாக்கக் கடிச்சிட்டு சிரிச்சா. ஜனம் சொக்கிப் போச்சு. அவள யாராவது உங்ககிட்ட அனுப்பினாங்களா? அஞ்சு வார்த்தை சொல்லு, கடிகாரம் வரைன்னாங்களா? அவளுக்கு வந்தா மறதி, எனக்கு வந்தா வியாதி. என்ன, நியாயம்தானேம்மா?

சிரிக்கிறீங்க. சிரிங்க, இது நல்ல சிரிப்பு. எனக்கு வித்தியாசம் தெரியும்.

என்ன சொல்லி அனுப்பினாங்களா? உங்க நல்லதுக்குத்தாம்மான்னாரு தயாரிப்பாளர். யாராவது உங்க நல்லதுக்குத்தான்னு ஆரம்பிச்சா நான் கைப்பைய எடுத்து மடியில வச்சுக்குவேன். அடுத்த நிகழ்ச்சிக்கு முன்னாடி என் ஞாபகம் சரியா இருக்குன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வரணுமாம். இல்லன்னா எங்க பத்து நிமிஷத்த எடுத்துருவாங்களாம். அதுக்குப் பதிலா ஓரமா ஒரு சோபா போட்டு என்னையும் எங்க வீட்டுக்காரரையும் உக்கார வைப்பாங்களாம். மத்தவங்க நடிக்கறதப் பாத்து நாங்க சிரிக்கணுமாம். எங்க மூஞ்சிய அப்பப்பக் காட்டுவாங்களாம். கௌரவமா இருக்கும்மாங்கறாரு. கடை வாசல்ல நிக்க வைக்கிற பொம்மைக்கும் அந்தக் கௌரவம் உண்டு.

அந்தப் பத்து நிமிஷம் ஒண்ணுதாம்மா எங்களோடது. மத்ததெல்லாம் அவங்க எழுதறது. இது எழுத்துலயே கிடையாது. புருஷனும் பொண்டாட்டியும் சாப்பாட்டு மேஜையில உக்காந்திருக்கோம். அவர் பேப்பர் படிக்கிறாரு, நான் பீன்ஸ் நறுக்கறேன். வேற ஒண்ணும் கிடையாது. அவர் பேப்பரக் கொஞ்சம் கீழ இறக்கி ஒரு கேள்வி கேப்பாரு. கேள்வி அவரோடது, பதில் என்னோடது. என்ன கேப்பாருன்னு எனக்கே தெரியாது. முன்னாடியே பேசி வச்சுக்க மாட்டோம், கல்யாணம் ஆன வருஷத்துலருந்து அதுதான் எங்க கட்டுப்பாடு. பேசி வச்சுக்கிட்டா என் மூஞ்சியில தெரிஞ்சிரும்பாரு.

நான் உடனே பதில் சொல்ல மாட்டேன். கத்தியக் கீழ வைப்பேன். அவரப் பாப்பேன். ஜனம் அங்கயே சிரிக்க ஆரம்பிச்சிரும். அது அடங்கப் போற நேரம் பாத்து ஒரே ஒரு வார்த்தை போடுவேன். ஊரே என் பதிலப் பத்திப் பேசுது. அவர் கேள்விய யாரும் பேசறதில்ல. ஆனா பதில் யாரு வேணாச் சொல்லலாம்மா. கேக்கத் தெரியணும். கேட்டுட்டு, சிரிக்காம, திரும்பவும் பேப்பருக்குள்ள போயிடணும். அதுக்கு அவர மாதிரி ஒரு ஆள் கிடையாது. இத்தனை வருஷத்துல ஒரு தடவை கூட எனக்குக் கைகொடுக்காத கேள்வி கேட்டதில்ல.

அன்னிக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சோம். நாலஞ்சு கேள்வி போச்சு, நல்லாத்தான் போச்சு. அப்புறம் பேப்பர இறக்கினாரு. மேஜையப் பாத்தாரு, சுவத்துல மாட்டியிருந்த படத்தப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு.

இது யாரு வீடுன்னாரு.

ஜனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. பின்ன? பொண்டாட்டிகிட்ட புருஷன் கேக்குறதுக்கு அதவிட நல்ல கேள்வி உண்டா? வாய்க்கு வந்த பதில் போட்டிருக்கலாம். என் வீடு, நீங்க வாடகைன்னு சொல்லியிருந்தா கூரை பிச்சுக்கிட்டுப் போயிருக்கும். நாக்கு நுனியிலதான் இருந்துச்சு. வழக்கம்போல கத்தியக் கீழ வச்சேன், அவரப் பாத்தேன்.

அவர் பேப்பருக்குள்ள போகலம்மா. என் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தாரு. பதிலுக்குக் காத்துட்டு இருந்தாரு. நிஜமாவே கேட்டிருக்காரு. செட்டு போட்ட வீடு, எதிர்ல அத்தனை ஜனம், அத்தனை வெளிச்சம், எது என்னன்னு பிடிபடாம, தெரிஞ்ச ஒரே மூஞ்சிகிட்ட கேட்டிருக்காரு. கண்ணுல அப்படி ஒரு பயம். மெதுவா இன்னொரு தடவை வேற கேட்டாரு.

கேமரா என் மேல. அவர் கேட்டு முடிச்சதும் என் பக்கம்தான் வரும், அதுதான் பழக்கம். அதனால அவர் மூஞ்சிய யாரும் பாக்கல. சிரிப்பு அடங்கிப் போச்சு. அவரு பயந்துட்டு இருக்கற நேரத்துல அத வச்சு ஒரு சிரிப்பு வாங்க எனக்கு மனசு வரல. பதில் வரலைன்னாலும் எல்லாரும் அவர் பக்கம் திரும்பிடுவாங்க. கேமராவும் திரும்பிடும். அதான், அய்யய்யோ, மறந்துபோச்சேன்னு தலையில கைய வச்சேன். எழுந்து அவர் பக்கத்துல போய்க் கையப் புடிச்சிட்டு, வாங்க, வீட்டுக்குப் போய் யோசிச்சுச் சொல்றேன்னு கூட்டிட்டு வந்துட்டேன். மொத்த அரங்கமும் எழுந்து நின்னு தட்டுச்சு. இந்த வயசிலயும்னு.

முன்னாடியே தெரிஞ்சுதான்னு கேக்குறீங்க. என்னத்தச் சொல்ல. குடிச்ச காப்பியக் குடிக்கலைம்பாரு. நடக்கப் போனா வழிய மாத்திப் போயிட்டு வருவாரு. கேட்டா, இந்தப் பக்கம் நிழல்ம்பாரு. வயசானா அப்படித்தான்னு விட்டுட்டேம்மா. நானே. ஊர்ல ஒருத்தன் அப்படிச் சொல்லிட முடியாது என்கிட்ட, கடிச்சுக் குதறிடுவேன். வீட்டுல கட்டினவருக்கு அதையேதான் சொல்லிட்டு இருந்திருக்கேன். அத நினைச்சாத்தான் பத்திக்கிட்டு வருது.

அவருக்கா? ஒண்ணும் தெரியாது. அன்னிக்குக் கார்ல ஏறினதும் நல்லாயிட்டாரு. என் முதுகத் தடவிக் குடுத்து, விடு, வருத்தப்படாத, வயசாச்சுல்ல, எல்லாருக்கும் மறக்கறதுதான்னாரு. சரிங்கன்னேன். இன்னிக்கும் எனக்குத் துணைக்குத்தான் வந்திருக்காரு. காலையில சட்டைய அவரே தேய்ச்சுப் போட்டுக்கிட்டாரு, டாக்டர்கிட்ட நான் பேசறேன், நீ பயப்படாம இருன்னு.

கூப்பிடுங்க அவர. என்னைப் பத்திக் கேக்குற மாதிரியே கேளுங்க. வீட்டுல எப்படி இருக்காங்க, எப்பலருந்து மறக்குறாங்கன்னு. அந்த அஞ்சு வார்த்தையையும் பேச்சோட பேச்சா, உங்க வீட்டம்மாவால சொல்ல முடியல, நீங்க சொல்லுங்க பாப்போம்னு கேளுங்க. சோதனைன்னு மட்டும் வாயத் திறந்துராதீங்க, ரோஷக்காரரு. நான் இங்கதான் இருப்பேன். குறுக்க பேசமாட்டேன், சத்தியமா.

சேனலுக்கு என்ன எழுதறதுன்னா, உள்ளத உள்ளபடி எழுதுங்கம்மா. பொய் எழுதச் சொல்லல. ஆனா என் கையில குடுத்துருங்க, நான் அவங்களுக்குக் குடுக்கப் போறதில்ல. குடுத்தா என் ஞாபகம் நல்லா இருக்குன்னு தெரிஞ்சிரும். அப்ப அன்னிக்கு என்னதான் நடந்துச்சுன்னு அந்த அரை நிமிஷத்தப் போட்டுத் திரும்பத் திரும்பப் பாப்பாங்க. அவர் குரலக் கேப்பாங்க. அப்புறம் அதுக்கு மேலயும் அவரப் பத்தி ஏதாவது எழுதுவாங்க. வேண்டாம். நாளைக்கு நானே போன் பண்ணி, எனக்கு ஒண்ணும் மனசுல தங்க மாட்டேங்குது, எங்கள விட்டுடுங்கன்னு சொல்லிடறேன். சோபாவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.

நம்புவாங்களாவா? என்னம்மா நீங்க. கிழவிக்கு மறந்துபோச்சுன்னு சொன்னா எவனாவது ஏன்னு கேப்பானா? எப்பவோ நம்பிட்டாங்கம்மா.