மூக்கின் எடை

முதன்முதலாக, வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் வீட்டு டிரெய்லர் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் உள்ளே நுழைந்தவுடன் படுக்கையில் உட்கார்ந்துதான் பார்ப்பார்கள். உட்கார்ந்து லேசாகக் குதித்துப் பார்ப்பார்கள். பிறகு குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து மூடுவார்கள். கழிப்பறைக்குள் நின்று முழங்கை இடிக்கிறதா என்று சோதிப்பார்கள். இந்தியானாவின் வடபகுதியில், இந்த வண்டிகளைச் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தொரு வருஷம் அடிச்சட்டம் பற்றவைத்தவன் நான். வாங்குவதற்கு முன் குனிந்து அடியில் பார்த்த ஒருவரைக்கூட நான் கண்டதில்லை.

என் பெயர் ஹார்லன் மிஷ்லர். அறுபத்து நான்கு வயது. ரோண்டா என் ஒரே தங்கை. அவள் எப்படி இறந்தாள் என்று சொல்லத்தான் உங்கள் போலீஸ் அலுவலகத்துக்கு வந்திருக்கிறேன். நீங்கள் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அவள் கணவன் கிரெய்க் பல் மருத்துவர். அவனைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. மென்மையான கைகள், மென்மையான குரல். ஐம்பத்தெட்டு வயதில் வேலையைக் குறைத்துக்கொண்டு ஊர்சுற்ற வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. உடனே நாற்பது வீடியோ பார்த்தான். பார்த்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டான். தண்ணீருக்கு நீலப் பேனா, மின்சாரத்துக்குச் சிவப்புப் பேனா. கொக்கிக்கும் சக்கர அச்சுக்கும் அந்த நோட்டில் நிறமே இருக்கவில்லை.

ஆகஸ்டில் வண்டி பார்க்கப் போனோம். ரோண்டா கெஞ்சியதால் நானும் போனேன். சோளக்காட்டின் ஓரத்தில், கண்ணுக்கெட்டியவரை வெள்ளை டிரெய்லர்கள் நிற்கும் விற்பனைத் திடல். ஸ்கைலர் என்றொரு விற்பனையாளன் எங்களை அழைத்துப்போனான். மீசைக்கு மெழுகு போட்டிருந்தான். அவன் மூன்று வண்டிகளைக் காட்டினான். முதல் இரண்டும் ஒழுங்கானவை, அதனால் கிரெய்க்குக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவதில் சமையலறை பின்கோடியில் இருந்தது, மூன்று பக்கமும் ஜன்னல். எதிரே நெருப்பு எரிவதுபோல் விளக்கு காட்டும் ஒரு போலிக் கணப்பு. வெளியே தார் உருகும் வெயிலில் கிரெய்க் அதன்முன் கையை நீட்டிக் குளிர்காய்ந்து காட்டினான்.

"இங்க நின்னு பாத்திரம் கழுவிக்கிட்டே ஏரியைப் பாக்கலாம்," என்றாள் ரோண்டா.

"பாத்திரம் யாரு கழுவப்போறா? நான்தானே? அப்ப ஜன்னல் எனக்கு. நீ போய் அந்தப் பொய் நெருப்பைப் பாத்துக்கிட்டு உக்காரு."

"எடுபட்ட பேச்சைப் பாரு," என்று அவன் தோளில் அடித்தாள்.

நான் வெளியே இறங்கி, படுத்து, அடியில் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி அச்சுக்குப் பின்னால் இருந்தது. உள்ளே வந்து சொன்னேன். "கிரெய்க், தொட்டியும் பின்னாடி, சமையலறையும் பின்னாடி. சாமான் ஏத்தினா கனம் பூரா பின்னால போயிடும். மூக்கு லேசாயிடும்ப்பா. இது வேணாம்."

அவன் ஸ்கைலரைப் பார்த்துக் கண்ணடித்தான். "எங்க மச்சான் முப்பது வருஷம் வண்டிக்கு அடியிலயே படுத்துக் கெடந்தவரு தம்பி. மேல ஒரு வீடு இருக்கிறதே அவருக்கு இன்னைக்குத்தான் தெரியுது."

ஸ்கைலர் சிரித்தான். அது அவன் வேலை. ரோண்டாவும் சிரித்தாள், வாயைக் கையால் மூடிக்கொண்டு, கொஞ்சம்தான். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவை அது. எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. எதையும் விடாமல் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மூக்கு என்று நான் சொல்வது டிரெய்லரின் முன்நுனியை. இழுக்கிற வண்டியின் கொக்கியில் அதுதான் உட்காருகிறது. டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது அந்த நுனி கொக்கியின்மேல் அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் சமவெளியில் மெதுவாகப் போகும்வரை ஒன்றும் தெரியாது. இறக்கத்தில் வேகம் கூடினால் பின்பக்கம் வாலாட்டத் தொடங்கும். ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாக இருக்கும். கடைசியில் வாலே நாயைத் தூக்கி எறிந்துவிடும். எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். பல் மருத்துவர்களுக்குத் தெரியாது.

அந்த வண்டியையே வாங்கினார்கள். எங்கள் பக்கத்தில் புதிதாக வாங்கியவர்கள் முதல் ராத்திரி தங்கள் வீட்டு வாசலிலேயே டிரெய்லரை நிறுத்தி, அதில் படுத்துப் பார்ப்பது வழக்கம். இவர்களும் படுத்தார்கள். பத்தடி தூரத்தில் சொந்தப் படுக்கை இருக்கும்போது. காலையில் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். கிரெய்க் அப்பம் சுட்டான். கனத்த இரும்புச் சட்டிகள் ஐந்து வாங்கியிருந்தான். அலமாரி திறந்தால் தகர டப்பாக்கள் தரையிலிருந்து கூரைவரை. தண்ணீர்த் தொட்டியை வீட்டுத் தண்ணீரால் நிரப்பியிருந்தான்.

"வழியில அங்கங்க பிடிச்சுக்கலாமே," என்றேன்.

"ஊருக்கு ஊர் தண்ணி மாத்தினா வயித்துக்கு ஒத்துக்காது மச்சான். அப்பம் எப்படி? உண்மையச் சொல்லுங்க."

அப்பம் நன்றாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்டோபரில் டென்னசி மலைகளுக்குப் புறப்பட்டோம். அவர்கள் தங்கள் புது பிக்கப் வண்டியில் டிரெய்லரை இழுத்துக்கொண்டு, நான் என் பழைய பிக்கப்பில் என் சிறிய டிரெய்லரோடு பின்னால். என்னோடு வரச்சொல்லி ரோண்டாவை நான்தான் கேட்டேன். ரொம்ப நாளாயிற்று பேசி என்றேன். அவளும் ஒப்புக்கொண்டாள்.

எங்களில் விஷயம் தெரிந்தவர்கள் முதல் பயணத்துக்கு முன் லாரிகள் நிற்கும் நிலையத்துக்குப் போய், அங்குள்ள எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பார்கள். டிரெய்லரை மாட்டியபடி ஒரு முறை, கழற்றிவிட்டு பிக்கப்பை மட்டும் ஒரு முறை. மாட்டியிருக்கும்போது பிக்கப்பின் சக்கரங்களில் கூடுதலாக விழுகிற எடைதான் மூக்கின் எடை. இது அவனுடைய வீடியோக்களிலும் வந்திருக்கிறது. ஆனால் இரண்டு எண்களைக் கழிக்க அவனுக்கு வரவில்லை.

"எனக்கு இந்த எடைமேடை விவகாரம் புரியல மச்சான்," என்றான். "நீங்களே பாத்துச் சொல்லிடுங்க. நீங்க சொன்னா சரி."

சீட்டை வாங்க நான் உள்ளே போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், சூடான உருளைகளின்மேல் சாசேஜ்கள் சுழன்றுகொண்டிருந்தன. சீட்டுகளை அங்கே நின்றுதான் படித்தேன். டிரெய்லரின் மொத்த எடை ஆறாயிரத்து இருநூறு பவுண்டு. மூக்கில் குறைந்தது அறுநூற்று இருபது இருந்திருக்க வேண்டும். முந்நூற்றுப் பத்துதான் இருந்தது. சரியாகப் பாதி. நான் இரண்டாம் முறை கழித்துப் பார்த்தேன். ஒரு சாசேஜ் முழுச்சுற்று வரும்வரை நின்றிருப்பேன். திருத்துவது சுலபம். தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டு, டப்பாக்களையும் சட்டிகளையும் முன்னால் மாற்றினால் போதும். அரை மணி நேர வேலை.

வெளியே வந்தேன்.

"எவ்வளவு மச்சான்?"

"மொத்தம் ஆறாயிரத்து எரநூறு. மூக்குல எழுநூத்து நாப்பது."

அவன் கைபேசியில் கணக்குப் போட்டான். "பன்னெண்டு சதவீதம். ரோண்டா, கேட்டியா? பன்னெண்டு. அந்த வீடியோக்காரன் சொன்ன அதே கணக்கு. பாத்தீங்களா மச்சான், மூக்கு லேசாயிடும்னு அன்னைக்கு என்னமா பயமுறுத்துனீங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லியிருக்காவிட்டால் நான் திருத்தியிருப்பேனா என்று நீங்கள் கேட்கலாம். நானும் யோசித்துப் பார்த்தேன். திருத்தியிருக்க மாட்டேன் என்றுதான் படுகிறது.

நான் நினைத்தது இவ்வளவுதான். மலையிறக்கத்தில் வால் ஒன்றிரண்டு தடவை ஆடும். அவன் வெளுத்துப்போய் ஓரம் கட்டுவான். நான் பின்னால் வந்து நிறுத்துவேன். ரோண்டாவும் என்னோடு இறங்குவாள். ஏன் இப்படி ஆயிற்று என்று அவன் என்னைக் கேட்பான். நான் குனிந்து, அடியில் காட்டி, பொறுமையாக விளக்குவேன். ஒரு மனிதனுக்குப் பாடம் இப்படித்தான் ஏற வேண்டும். அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்திருந்தால் தங்கையை ஏன் என் வண்டியில் உட்காரவைத்தேன் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். விஷயம் தெரிந்தவன் எல்லாவற்றுக்கும் தயாராக இருப்பான்.

கென்டக்கி முழுக்க அவள் பேசிக்கொண்டே வந்தாள். மலைகளுக்கு முன்னால் கடைசி பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினோம். அவள் போய் அவனிடம் ஏதோ பேசிவிட்டு வந்து, என் வண்டியிலிருந்து தன் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"எங்க போற?"

"அந்த மனுஷன் கூடத்தான். மலைன்னதும் பயம் வந்துருச்சு அவருக்கு. வெளியில காட்டிக்க மாட்டாரு. பக்கத்துல நான் இருந்தா கொஞ்சம் தைரியமா ஓட்டுவாரு."

"என்கூடவே வா. அவன் ஓட்டிக்குவான்."

"என்னண்ணா, இப்படி மொறைக்கிற? எடையெல்லாம் சரியா இருக்குன்னு நீதானே சொன்ன? வேற யாரு சொல்லியிருந்தாலும் நான் ஏறமாட்டேன்."

கிரெய்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றான். காது கேட்கிற தூரம். நான் சொல்ல வேண்டியது ஒரே ஓர் எண். ஆனால் அவன் முன்னால் சொல்ல வேண்டும். காலையில் தப்பாகச் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். அவனுக்கு அது வாழ்நாள் முழுவதும் போதும். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் சொல்வான்: எங்க மச்சானுக்குக் கழித்தல் வராது.

"சீட் பெல்ட் போட்டுக்கோ," என்றேன்.

அவள் என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

மற்றது உங்களுக்குத் தெரியும். இறக்கத்தின் பாதியில் ஒரு லாரி அவர்களைத் தாண்டிப் போனது. வால் ஒரு முறை ஆடியது. அப்போது செய்ய வேண்டியது, காலைப் பிரேக்கில் வைக்காமல், கையருகே இருக்கும் பொத்தானால் டிரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடிப்பது. நாற்பது வீடியோவில் ஒன்றிலாவது அது இருந்திருக்கும். அவன் காலால் மிதித்தான். இரண்டாவது ஆட்டம், மூன்றாவது ஆட்டம். நான் நூறு கெஜம் பின்னால் இருந்தேன். நான்காவதில் டிரெய்லர் சுற்றிவந்து பிக்கப்பைப் பாறைப் பக்கம் அறைந்தது. ரோண்டா இருந்த பக்கம். நான் எண்ணிக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் எனக்கே உறைத்தது.

கிரெய்க்குக்குக் காறை எலும்பு மட்டும்தான் உடைந்தது. ஆஸ்பத்திரியில் நான்தான் அவன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "எடை சரியா இருந்துச்சே மச்சான். நீங்களே பாத்தீங்களே. அப்புறம் எப்படி?" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் அவனே பதிலும் சொன்னான். "காத்துதான். அந்த லாரி போனப்ப ஒரு காத்து அடிச்சுது பாருங்க. அதுதான் தூக்கிருச்சு."

அடக்கத்தன்று தேவாலயத்தில், கையில் கட்டோடு எழுந்து நின்று அதையே சொன்னான். எடை பன்னிரண்டு சதவீதம் என்று எல்லார் முன்னாலும் சொன்னான். என் மச்சானே நிறுத்துப் பார்த்தார் என்றான். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பி என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் முப்பது வருஷம் டிரெய்லர் செய்தவர்கள். காற்றை யார் என்ன செய்ய முடியும் என்று ஆளாளுக்கு அவனைக் கட்டிப்பிடித்தார்கள். சாப்பாட்டு மேசையில் பன்றித்தொடை, உருளைக்கிழங்கு, பச்சை நிறத்தில் ஒரு ஜெல்லி. அவர்களும் அதே முட்டாள்தனத்தை மென்றுகொண்டிருந்தார்கள்.

போன வாரம் உங்கள் அறிக்கையின் நகல் வந்தது. நீங்களும் காற்று என்றே எழுதியிருக்கிறீர்கள். அன்று அந்த மலையில் காற்று மணிக்கு ஆறு மைல். ஒரு நாய்க்குட்டியைக்கூட அது நகர்த்தாது. படித்தவர்கள், சீருடை போட்டவர்கள், இதைக்கூடச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடுகிறீர்கள். நான்கு நாள் எனக்குத் தூக்கமில்லை.

இதோ எடைச் சீட்டுகள். இரண்டும் என்னிடம்தான் இருந்தன. நீங்களே கழித்துப் பாருங்கள். முந்நூற்றுப் பத்து. அவனிடம் நான் எழுநூற்று நாற்பது என்று சொன்னது தெரிந்தே சொன்னது. ரோண்டா அந்த வண்டியில் ஏறியதும் எனக்குத் தெரிந்தே. இரண்டையும் என் வாயால் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். காற்று என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். என் தங்கை எப்படி இறந்தாள் என்ற தாளில் ஒரு பொய் இருக்கக்கூடாது. அவளுக்காக நான் அந்த அளவுகூடச் செய்யாமல் விடுவேனா?