பச்சை பல்ப் எரியட்டும் மேடம்

ஐயோ, கதவைத் தள்ளிடாதீங்க மேடம்! மேல பாருங்க, நிலைக்கு மேல ஒரு பச்சை பல்ப் இருக்கா? அது எரிஞ்சாத்தான் உள்ள போகணும். ரூல். யாரு போட்டதா? ரூல்னா எவனாவது போட்டுத்தானே இருப்பான், அந்த ஆராய்ச்சி நமக்கு எதுக்கு? வாங்க, இப்பிடி பெஞ்சுல உக்காருங்க. அந்த ஓரம் வேணாம், அதுல ஒரு கால் ஆடும், சொல்லாம கொள்ளாம ஆளைக் கவுத்துடும். நான் அந்தப் பக்கம் போறேன். எனக்கும் அதுக்கும் நாலு வருஷப் பழக்கம்.

இல்லீங்க, நான் வாட்ச்மேன் இல்ல. எந்தப் பிள்ளைக்கும் தாத்தாவா வரல. நீங்க இன்னிக்கு வைவா எடுக்க வெளியிலேருந்து வந்திருக்கிற எக்ஸாமினர்தானே? நீங்க இப்பக் கேள்வி கேக்கப் போற டீம்ல மூணாவது ஆள் நான்தான். டெலிகாம் அண்ட் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ், கடைசி வருஷம். சிரிங்க மேடம், வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்காதீங்க, பல்லு சுளுக்கிக்கும். எங்க கிளாஸே முதல் நாள் உருண்டு புரண்டு சிரிச்சுது. நான் ஒரு வாரம் லேட்டா சேந்தேன், அதனால எல்லாருக்கும் நான் ஜூனியராம். எனக்கு வச்ச பேரு என்ன தெரியுமா? தம்பி. தம்பி, அந்த வயரை எடுன்னு என் பேத்தி வயசுல இருக்கிற பொண்ணு கூப்பிடும். நானும் இதோ வர்றேங்கக்கான்னு ஓடுவேன்.

உள்ள இப்ப ரெண்டு பேர் இருக்காங்க. ஒண்ணு அந்தப் பொண்ணு, சோடாபுட்டி கண்ணாடி போட்டிருக்கும், புரோகிராம் பூரா அது எழுதினது. இன்னொருத்தன் தூங்குமூஞ்சி. எப்பப் பாத்தாலும் தூங்குவான், ஆனா வயரைப் பத்த வைக்கிற சால்டரிங் கோலைக் கையில குடுத்துட்டா கண்ணு ரெண்டும் டார்ச்சு மாதிரி முழிச்சுக்கும். மூணாவது நான். நான் என்ன பண்ணேனா? கூரை ஏறி ஆன்டெனா நட்டேன். அப்புறம் பேசுறது என் டிபார்ட்மெண்ட்.

முன்னாடியா? லாரி ஓட்டினேன் மேடம். மலை ரோட்டுல. ஒரு தடவை பாருங்க, கொண்டை ஊசி வளைவு, எதிர்ல எவனும் வரக் கூடாதேன்னு காலைல ஒரு ஹாரன் அடிச்சேன். போனேன், சரக்கை இறக்கினேன், சாப்பிட்டேன், ஒரு தூக்கம் போட்டேன். சாயந்திரம் அதே வளைவுல திரும்பி வந்தா எதிர்ல பாம்னு ஒரு ஹாரன்! பதறிப் போய் ஓரம் கட்டினேன், பின்னாடி டயர் பள்ளத்துல இறங்கிடுச்சு. பாத்தா எதிர்ல ஒரு வண்டியும் இல்ல. காலைல நான் அடிச்ச ஹாரன் மலையில முட்டிட்டு அப்பத்தான் திரும்பி வருது! என் ஹாரனுக்கு நானே வழி விட்டுப் பள்ளத்துல இறங்கின ஆளு நான்.

நம்பலையா? நீங்களும் கணக்குப் போடுறீங்க பாருங்க, மூஞ்சிலயே தெரியுது! எங்க சிக்னல் வாத்தியாரும் அதைத்தான் பண்ணாரு. சேதி போக எவ்வளவு நேரம், திரும்பி வர எவ்வளவு நேரம்னு பாடம் எடுத்துக்கிட்டிருந்தாரு, நான் எந்திரிச்சு இந்தக் கதையை விட்டேன். மனுஷன் கோவிச்சுக்கவே இல்ல. சாக்பீஸ் எடுத்துப் போர்டுல போட்டாரு. ஐயா, உங்க மலை கடல் தாண்டி இன்னொரு நாட்டுல இருக்கணுமேன்னாரு. இருக்கலாம் சார், அன்னிக்குப் பனி ஜாஸ்தி, எனக்குச் சரியாத் தெரியலைன்னேன்.

எங்க எந்திரிக்கிறீங்க? பல்ப் எரியல பாருங்க. உக்காருங்க, உக்காருங்க. தண்ணி குடிங்க, பாட்டில் புதுசுதான். உள்ள இருக்கிறவங்களுக்கு ஃபோன் பண்ணிக் கேளுங்கங்கிறீங்களா? எங்க ஃபோனையெல்லாம் காலைலயே வாங்கி ஆபீஸ்ல கூடையில போட்டுட்டாங்க. வைவா முடியற வரைக்கும் தொடக் கூடாது. இல்ல, அது நிஜமான ரூலு. இதுவும் நிஜந்தான், நான் சும்மா சொன்னேன், ரெண்டும் நிஜம்.

ஏன் இந்தப் படிப்புன்னு கேக்குறீங்களா? அட்மிஷன் அன்னிக்கும் கேட்டாங்க. பொழுது போகலைன்னு சொல்லிட்டேன். உண்மை வேற. எனக்கு இந்தப் படிப்பு மேல ஆசை வந்ததுக்குக் காரணம் எங்க வீட்டம்மா. அவ படிக்கச் சொல்லல. நான் எது சொன்னாலும் நம்ப மாட்டா, அதான் காரணம். கல்யாணம் ஆன புதுசுல, கடலுக்கு அடியில ஒரு ஓட்டல் இருக்கு, மேஜைக்குப் பக்கத்துல மீன் நீந்தும்னு சொல்லி, லாரில ஒரு பகல் பூரா கூட்டிட்டுப் போனேன். அங்க இருந்தது ஒரு மெக்கானிக் ஷெட்டு. மழைத் தண்ணி தேங்கி முழங்கால் வரைக்கும் நிக்குது. மீன் இருந்துச்சு மேடம், சத்தியமா ஒரு மீன் இருந்துச்சு! அவ அதைப் பாக்கல. அன்னிலேருந்து, வெளியில மழை பெய்யுதுன்னு நான் சொன்னாக்கூட ஜன்னல்ல கையை நீட்டிப் பாத்துட்டுத்தான் துணியை எடுப்பா.

அப்பிடிப்பட்டவகிட்ட, நான் காலேஜுல சேந்துட்டேன்னு சொன்னா? ஓகோ, எந்தக் கடலுக்கு அடியிலன்னு கேட்டா. ஐடி கார்டைக் காட்டினேன். லாரிக்கு இது மாதிரி எத்தனை கார்டு அடிச்ச ஆளு நீங்கன்னா. புஸ்தகத்தைக் காட்டினேன், பழைய பேப்பர் கடையில கிடைச்சுதான்னா. நேரா வந்து பாருடின்னா, ஒரு தடவை வந்து பாத்தது போதும், இன்னும் முழங்கால் வலிக்குதுங்கிறா. நான் லாரி ஸ்டாண்டுல பழைய டிரைவருங்களோட சீட்டு ஆடப் போறேன்னு முடிவே கட்டிட்டா. சாட்சிக்குத் தூங்குமூஞ்சியைக் கூட்டிட்டுப் போனேன். அவனுக்கு வயிறு முட்டச் சாப்பாடு போட்டு, நல்லா நடிக்கிற தம்பி, உன்னை எங்க பிடிச்சாருன்னு கேட்டா. அந்தப் பாவி அதுக்கு பதில் சொல்றதுக்குள்ள சோபாவுல தூங்கிட்டான்.

கூரையில ஆன்டெனா நட்டேன்னு சொன்னேனா? எங்க வீட்டுக் கூரைதான். அது துணி காயப் போடக் கம்பின்னு நினைச்சு, என் பனியனைப் பிழியாம அதுமேல போட்டுட்டா. அன்னிக்கு லேப்ல எங்களுக்கு சிக்னலே வரல. பொண்ணு புரோகிராமைப் பூரா புரட்டிப் புரட்டித் தேடுது, தூங்குமூஞ்சி எல்லா ஜாயிண்டையும் திரும்பப் பத்த வைக்கிறான். கடைசில பாத்தா ஈரப் பனியன்! ரிப்போர்ட்ல அதை எழுதியிருக்கோம், பக்கம் புரட்டும்போது பாருங்க. ஈரத்துணி அலையைத் தடுக்கும்னு. பனியன்னு எழுத வாத்தியார் விடல.

இந்தப் படிப்புல பாதி, சேதியை எப்பிடி அனுப்புறதுன்னு. மீதி, வந்த சேதியை எங்க எப்பிடிப் பத்திரமா வைக்கிறதுன்னு. ரெண்டாவது பாதி எனக்கு ரொம்பக் கஷ்டம் மேடம். ஒரு விஷயத்தை ஒரே இடத்துலதான் வைக்கணுமாம், ரெண்டு இடத்துல வச்சா ரெண்டும் வேற வேற ஆயிடுமாம். டேட்டாபேஸ் டீச்சர் ஹாரன் கதையை ரெண்டு தடவை கேட்டாங்க. முதல் தடவை டயர் பள்ளத்துல இறங்குச்சு, அடுத்த தடவை மரத்துல மோதுச்சு. ஐயா, இதுக்குத்தான் இந்தப் பாடமேன்னு என் தலையில அடிக்காத குறை.

ஆனா முதல் பாதில ஒண்ணு படிச்சேன் பாருங்க, அது நெஞ்சுல ஒட்டிக்கிச்சு. அனுப்பிட்டா மட்டும் போதாது. வந்து சேந்துச்சுன்னு எதிர்முனையிலேருந்து பதில் வரணும். வரலையா? சோர்ந்து போகக் கூடாது, திரும்ப அனுப்பணும். அதுக்கும் வரலையா, திரும்ப. மிஷினுக்கே இவ்வளவு பொறுமை இருக்கேன்னு அன்னிக்கு நான் வீட்டுக்குப் போற வழி பூரா யோசிச்சுக்கிட்டே போனேன். ஆயுசு பூரா அவளுக்கு நான் அனுப்பிக்கிட்டே இருக்கேன், பதில் வந்ததே இல்லையே மேடம். பொய்யை அனுப்பினா எப்பிடி வரும்கிறீங்களா? நியாயந்தான். இது ஒண்ணுதான் உண்மை, இதுவும் பழைய மூட்டையோட சேந்து போயிடுச்சு.

அதனால இன்னிக்கு பாஸாகணும். பொண்ணுக்கும் பையனுக்கும் வேலை காத்துக்கிட்டிருக்கு, எனக்கு வீட்டுல ஒரு ஆள் காத்துக்கிட்டிருக்கு. கறுப்பு அங்கி போட்டுக்கிட்டு மேடை ஏறும்போது முதல் வரிசைல அவ உக்காந்திருக்கணும். அங்கியும் வாடகைக்குத்தானேன்னு கேப்பா. கேக்கட்டும், உக்காந்துக்கிட்டுக் கேக்கட்டும்.

மணியைப் பாக்காதீங்க மேடம். எரியும். கொஞ்சம் இருங்க. அந்தக் காலத்துல ஒரு தடவை லாரில யானை ஏத்திட்டு... வேணாமா? சரி, யானை வேணாம். பாதி யானை? அதுவும் வேணாமா? இந்த பெஞ்சோட கால் எப்பிடி உடைஞ்சுதுன்னாவது... மேடம், மேடம், கதவு வேணாம், கையை எடுங்க, ஒரே ஒரு நிமிஷம், நான் சொல்றதை...

எரிஞ்சுது.

பாத்தீங்களா? பாத்தீங்கதானே? நான் மட்டும் பாக்கலையே? அணைஞ்சு, மறுபடி எரியுது பாருங்க! ஏய் அக்கா, தூங்குமூஞ்சி, பாத்தீங்களாடா! உள்ள சத்தம் கேக்குதா மேடம், ரெண்டும் குதிக்குதுங்க.

போகலாம், போகலாம், தாராளமா. ரூலா? அது ஒண்ணும் இல்ல, நான் விட்டது. இந்த பல்ப் காலேஜோடது இல்ல, எங்க புராஜெக்ட். உள்ளேருந்து நாங்க சிக்னல் அனுப்புனா தூரத்துல ஒரு வீட்டுல பெட்டி மணி அடிக்கும். அங்க இருக்கிற ஆள் பொத்தானை அமுக்கினா இங்க எரியும். தானா பதில் வர்ற மாதிரி முதல்ல வச்சிருந்தோம். இதை முன்கூட்டியே பதிவு பண்ணி வச்சுக்கலாமே, மனுஷக் கை அமுக்கினாத்தான் ஒத்துக்குவேன்னு வாத்தியார் சொல்லிட்டாரு. ஒத்திகைல தூங்குமூஞ்சி அங்க போய் உக்காந்து அமுக்குவான். இன்னிக்கு டீம்ல மூணு பேரும் இங்க இருந்தாகணும். ஃபோனும் கூடையில.

அந்த வீடு எங்க வீடுதான் மேடம்.

காலைல சொல்லிட்டுத்தான் வந்தேன். இந்தப் பெட்டி மணி அடிக்கும், நீ இதை ஒரு தடவை அமுக்கு, அங்க காலேஜுல பல்ப் எரியும்னு. மணி அடிக்குமாம், பல்ப் எரியுமாம், போய்ச் சீட்டை ஆடுங்கன்னா. நான் இங்க உக்காந்து உங்ககிட்ட அளந்துக்கிட்டிருந்த நேரம் பூரா அந்தப் பெட்டி அங்க அடிச்சுக்கிட்டேதான் இருந்திருக்கும்.

ஒரு தடவை அமுக்குன்னுதான் சொன்னேன், இன்னும் விடாம அமுக்குறா பாருங்க. திட்டுறா. அந்த வேகத்தைப் பாத்தாலே எனக்குத் தெரியும், திட்டுதான். வாங்க மேடம், மார்க்கெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். வந்து சேந்துச்சுன்னு முதல்ல நாம இங்கேருந்து ஒரு மணி அடிக்கணும். அது போய்ச் சேர்ற வரைக்கும் அவ நிறுத்த மாட்டா.