சேமக்காலையிலிருந்து பூச்சாடி எடுத்தது பற்றி

என் பெயர் றொஜர் சுஜானி. வயது பதினாறு. பிறந்த இடம் இலங்கை, மன்னார் மாவட்டம், நானாட்டானுக்குத் தெற்கே உள்ள ஒரு வயல் கிராமம். இப்போது பாரிஸ் நகரில், லாசப்பல் நிலையத்துக்குப் பின்புறத் தெருவில் உள்ள பிள்ளைகள் இல்லத்தில் வசிக்கிறேன். பள்ளி மாணவி. பிரெஞ்சு கொஞ்சம் விளங்கும். ஆனால் இந்த விடயத்தைக் கொஞ்சத்தில் சொல்ல முடியாது என்பதால் மொழிபெயர்ப்பாளர் ஆரெலி அவர்களின் உதவியோடு தமிழில் சொல்கிறேன். இல்லத்தில் எனக்குப் பொறுப்பான ஆன்-சோஃபி பக்கத்தில் இருக்கிறார். இதைச் சொல்லும்படி என்னை யாரும் வற்புறுத்தவில்லை. சொல்லாமல் இருக்கும்படிதான் வற்புறுத்தினார்கள்.

இன்று காலை நகர எல்லையில் உள்ள கல்லறைத் தோட்டத்திலிருந்து, நாங்கள் ஊரில் அதைச் சேமக்காலை என்போம், செவ்வந்திச் சாடி ஒன்றை நான் திருடியதாகக் காவலாளி முறைப்பாடு செய்திருப்பது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. சாடியை எடுத்தது உண்மை. திருடியது பொய். அந்தச் சாடியை அங்கே வைத்ததே நான்தான். இப்போது அது பொலிஸ் உத்தியோகத்தர் அவர்களின் மேசையில் மண் சிந்திக்கொண்டு இருக்கிறது, அதற்கு வருந்துகிறேன். ஏன் வைத்தேன், ஏன் எடுத்தேன் என்று கேட்கப்பட்டதால் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்களுடையது குளத்து நீரை நம்பிய வயல். நான் எட்டாம் வகுப்புப் படித்த வருடம் குளம் வற்றி, சிறுபோகம் விதைக்கவே இல்லை. அடுத்த வருடம் கதிர் முற்றிய நேரத்தில் வெள்ளம் வந்து வயல் முழுக்க நின்றது, வடிந்த பிறகு பார்த்தால் நெல் கதிரிலேயே முளைத்திருந்தது, பச்சைப்பசேல் என்று பார்க்க அழகாகத்தான் இருந்தது, அம்மா அதைப் பார்த்துவிட்டு வரம்பில் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு கிணற்றில் உப்பு ஏறியது. அதன் பிறகு பிள்ளைகள் ஊரை விட்டுப் போகத் தொடங்கினார்கள். பெண் பிள்ளைகள் வயதைக் கூட்டிச் சொல்லி ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள், ஆண் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்குப் போனார்கள். எங்கள் பள்ளிக்கூட வலைப்பந்து அணிக்கு ஏழு பேர் சேரவில்லை என்று கோட்டமட்டப் போட்டியிலிருந்து எங்களை நீக்கினார்கள். நான் அந்த அணியின் தலைவி. அது எனக்கு இன்னும் கோபம்.

அதன் பிறகு என்னையும் தொழிற்சாலைக்கு அனுப்பலாமா என்று அம்மா கேட்டபோது அப்பா சம்மதிக்கவில்லை. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, பாரிஸில் இருப்பதால் அங்கே அனுப்புவோம் என்றார். "நீயெண்டாலும் வானத்தைப் பாத்துக்கொண்டு சீவிக்காதை பிள்ளை" என்று என்னிடம் சொன்னார். போக விருப்பமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன், ஆனாலும் கேட்டிருக்கலாம். பயணம் செய்த வழி பற்றி முன்பே விசாரிக்கப்பட்டுவிட்டதால் அதை மீண்டும் சொல்லவில்லை.

பிள்ளைகள் இல்லத்தில் சேர்ந்தால்தான் இந்த நாட்டில் இருக்க அனுமதி கிடைக்கும் என்றும், இங்கே உறவினர் இருக்கும் பிள்ளையை இல்லத்தில் எடுக்க மாட்டார்கள் என்றும், ஊரில் பெற்றோர் இருப்பது தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றும் மாமாவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது சரியா பிழையா என்று எனக்குத் தெரியாது. அவர் என்னை அலுவலகம் ஒன்றுக்குக் கூட்டிச் சென்று, இந்தப் பிள்ளை ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவில் அழுதுகொண்டு நின்றது, தாய் தகப்பன் வெள்ளத்தில் செத்துவிட்டார்களாம், எனக்கு வேறொன்றும் தெரியாது என்று பிரெஞ்சில் சொன்னார். நான் அழுதுகொண்டு நிற்கவில்லை. அவர் சொன்னதும் அப்போது எனக்கு விளங்கவில்லை. போகும்போது வாசலில் வைத்துத் தமிழில் சொன்னார். "இனி நான் உன்ரை மாமா இல்லை. கண்டாலும் தெரியாத மாதிரிப் போ. உன்ரை நன்மைக்குத்தான்." அன்று முதல் நான் பெற்றோர் இல்லாத பிள்ளை என்று பதியப்பட்டேன். பிறகு பிரெஞ்சு கொஞ்சம் விளங்கிய காலத்திலும் நான் மறுத்துச் சொல்லவில்லை.

மாமாவின் பெயரும் அவர் நடத்தும் கடையும் கேட்கப்பட்டன. சொல்ல மாட்டேன். லாசப்பலில் தமிழ்க் கடைகளுக்குக் குறைவில்லை. பள்ளிக்குப் போக நான் தினமும் அந்தக் கடையைத் தாண்டித்தான் போவேன். அவர் முருங்கைக்காய்ப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நான் எதிர்ப்பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு போவேன்.

அதன் பிறகு நவம்பர் முதலாம் திகதி வந்தது. அன்று இந்த நாட்டில் எல்லோரும் இறந்துபோன தங்கள் ஆட்களுக்குச் செவ்வந்தி கொண்டு போகிறார்கள். ஆன்-சோஃபி நல்லவர், அதுதான் வினையாகப் போனது. தாய் தகப்பனுக்கு ஒரு கல்லறைகூட இல்லாத பிள்ளை என்று யோசித்து, தானே ஒரு சாடி வாங்கி, அந்தக் கல்லறைத் தோட்டத்தில் வெளியூரில் புதைக்கப்பட்டவர்களுக்காகப் பூ வைக்கும் பெரிய சிலுவையடிக்கு என்னைக் கூட்டிச் சென்றார். சாடியை வைக்கச் சொன்னார், மெழுகுதிரி இரண்டு தந்தார். எங்கள் ஊரில் சீவனோடு இருப்பவர்களுக்காகச் சேமக்காலையில் மெழுகுதிரி கொளுத்த மாட்டார்கள், அவர்கள் பேரைக்கூட அங்கே நின்று சொல்ல மாட்டார்கள், சொன்னால் அழைத்தது போல ஆகிவிடும் என்பார்கள். அவர் என் தோளில் கை வைத்துக் காத்துக்கொண்டு நின்றார். நான் இரண்டையும் கொளுத்தினேன். அழுதேன். அவர்களை நினைத்து அழுகிறேன் என்று எண்ணி அவர் என்னைக் கட்டிப்பிடித்தார். நான் பயத்தில் அழுதேன்.

அன்று மாலை அம்மாவுடன் பேசினேன். இல்லத்தில் எனக்குத் தாய் தகப்பன் இல்லை என்பதால் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் பேசுவது வழக்கம். நடந்ததைச் சொன்னதும் அம்மா சிரித்தார். "உயிரோடை இருக்கிற எங்களுக்கோ அங்கை பூ வைச்சனீ?" என்றார். அப்பா போனை வாங்கினார். அவர் சிரிக்கவில்லை. "அதைப் போய் எடு பிள்ளை. உடனை எடு" என்றார். எடுக்கிறேன் என்றேன். ஆனால் அவ்வளவு தூரம் தனியே போக அனுமதி இல்லை, என்ன காரணம் சொல்லிக் கேட்பது என்றும் தெரியவில்லை, நாட்கள் போய்விட்டன.

அதன் பிறகு நவம்பர் கடைசியில் ஊரில் புயல் அடித்து, ஆறு பெருகி, எங்கள் பக்கம் எல்லாம் தண்ணீர் என்று போனில் படங்கள் வந்தன. ஒரு படத்தில் எங்கள் வீட்டுக் கூரை போல ஒன்று தெரிந்தது, ஓட்டுக்கூரை எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மாவின் போனும் அப்பாவின் போனும் வேலை செய்யவில்லை. இல்லத்தில் யாரிடமும் சொல்ல முடியவில்லை. தாய் தகப்பன் ஏற்கெனவே வெள்ளத்தில் செத்துப்போன பிள்ளை, தாய் தகப்பன் வெள்ளத்தில் செத்துவிட்டார்களோ என்று யாரைக் கேட்பது? இரவுச் சாப்பாட்டுக்கு ஆன்-சோஃபி கூப்பிட்டபோது வயிற்றுவலி என்றேன்.

அதன் பிறகு நான் மாமாவின் கடைக்குள் போனேன். ஆட்கள் நின்றபடியால் அவர் முகத்தைத் திருப்பாமல் "என்ன வேணும் தங்கச்சி?" என்று கேட்டார். "அம்மா" என்றேன். அவர் என்னை அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தி, "எனக்கும் லைன் கிடைக்கேல்லை. அவ எனக்கும் அக்காதானே" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். வெளியே யாரோ வாழைக்காய் நிறுக்கக் கூப்பிட்டார்கள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

இன்று காலை பள்ளிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நான் சேமக்காலைக்குப் போனேன். செவ்வந்தி கருகியிருந்தது. சாடியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது காவலாளி சத்தம் போட்டார். நான் ஓடவில்லை. அது என் பெற்றோருடையது என்று பிரெஞ்சில் சொன்னேன். அவர்கள் எந்தக் கல்லறையில் இருக்கிறார்கள் என்று கேட்டார். இருவரும் இங்கே இல்லை, சாகவில்லை என்றேன். அவர் பொலிசைக் கூப்பிட்டார்.

இது சின்ன விடயம், மன்னிப்புக் கேட்டால் முடித்துவிடலாம் என்று உத்தியோகத்தர் சொன்னார். துக்கத்தில் செய்துவிட்டாள் என்று தான் எழுதித் தருவதாக ஆன்-சோஃபியும் சொன்னார். இருவருக்கும் நன்றி. ஆனால் நான் துக்கத்தில் செய்யவில்லை. துக்கம் வரக்கூடாது என்று செய்தேன்.

பெற்றோர் இப்போது உயிருடன் இருக்கிறார்களா என்று கேட்கப்பட்டது. இந்த நேரம் வரை லைன் கிடைக்கவில்லை என்று சொன்னேன். அப்படியானால் 'நிலை தெரியவில்லை' என்று எழுதலாம் என்றார் உத்தியோகத்தர். ஆன்-சோஃபி என் கையைப் பிடித்து, அப்படியே விடு, அப்படி எழுதினால் உன்னை இல்லத்தில் வைத்திருக்க நான் போராட முடியும், உயிருடன் என்று எழுதினால் எல்லாம் மறுபடி விசாரிக்கப்படும், உன் இடம் போகலாம் என்றார். ஆரெலி அவர்கள் இதை இரண்டு தரம் மொழிபெயர்த்தார். எனக்கு முதல் தரமே விளங்கியது. பயணக் காசுக்காக அப்பா வயலை விற்று என்னை அனுப்பியதும் எனக்குத் தெரியும்.

நான் சொன்னதை அப்படியே எழுதும்படி கேட்டுக்கொண்டேன். "செத்திட்டினம் எண்டு ஆரோ சொன்னதை ஒரு கேள்வியும் கேக்காமல் எழுதினீங்கள். இப்ப அவையின்ரை பிள்ளை சொல்லுறன். உயிரோடை இருக்கினம் எண்டு எழுதுங்கோ."

மேலே எழுதப்பட்டவை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டன. நான் கண்டதும் கேட்டதும் செய்ததும் சொன்னபடியே உள்ளன. என் அப்பாவும் அம்மாவும் உயிருடன் இருக்கிறார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. ஆனாலும் அதையும் உண்மை என்றே ஒப்பமிடுகிறேன்.

றொஜர் சுஜானி