வெள்ளையா விட்ட இடம்

அட, இறங்காதீங்க சார்! சேத்துல ஷூவோட காலை வச்சீங்கன்னா கால் மட்டுந்தான் திரும்பி வரும், ஷூ இங்கேயே குடியிருந்துடும். நம்ம போட்டு தரை தட்டிடுச்சு, அவ்வளவுதான். தண்ணி வத்துற நேரம். தண்ணி திரும்ப ஏறினா தானா மிதக்கும். எப்பவா? சாயங்காலம் ஆகும். மீட்டிங்கா? நீங்க கையெழுத்துப் போடாம அவங்க என்ன பண்ணிடப் போறாங்க? உக்காருங்க சார்.

அந்தப் படத்தைக் கொஞ்சம் காட்டுங்களேன். முகத்துவாரத்தை எவ்வளவு அழகாப் பங்கு பிரிச்சிருக்கீங்க! பச்சை வலைக்காரங்களுக்கு, சிவப்பு இறால் பண்ணைக்கு, மஞ்சள் பறவைங்களுக்கு. மீட்டிங்குக்கு வந்து கத்தாததுன்னா பறவைங்க மட்டுந்தான். மத்தவங்க போட்ட சண்டை இருக்கே! பண்ணைக் கழிவுத்தண்ணியில மீனு சாகுதுன்னு வலைக்காரங்க. எங்க சுற்றுலா போட்டுங்க வலையை அறுக்குதுன்னும் அவங்கதான். சரி வம்பே வேணாம், நடுவுல சும்மா கெடக்கிற வெள்ளை இடத்து வழியா போட்டெல்லாம் போகட்டும்னு நீங்க சொன்னீங்க பாருங்க, முதல்ல கை தட்டினது நான்தான். சுத்தி வர வேணாமே, டீசல் மிச்சம்!

கொஞ்சம் பலமாத் தட்டிட்டேன் போல. பின்வரிசையில என் சம்சாரம் உக்காந்திருந்தா. அன்னிலேர்ந்து வீட்ல எனக்குச் சோறு உண்டு, பேச்சு கெடையாது. அந்த ஆளைச் சாப்பிட வரச் சொல்லுன்னு பூனைகிட்ட சொல்றா. பூனையும் நானும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்குறோம்.

ஏனா? நீங்க படம் போட வந்தப்ப தண்ணி ரொம்பி இருந்துச்சுல்ல, அதான் வெள்ளையா விட்டுட்டீங்க. நாம இப்ப மாட்டியிருக்கிறது அந்த வெள்ளை இடத்துலதான் சார். அதோ, கூடையும் கையுமா வர்றாங்களே, சேத்துல மட்டிச் சிப்பி பொறுக்குறவங்க. தண்ணி வத்தினா இது அவங்க வயலு. இதுக்கு மேல போட்டுங்க ஓடினா சேறு கலங்கி மட்டியெல்லாம் மூச்சு முட்டிச் சாகும். மீட்டிங்ல சொல்லலையேன்னா, எப்படிச் சொல்றது? அவங்க முறை வர்றதுக்குள்ள தண்ணி வத்திடுச்சு, பொழப்பைப் பாக்க எழுந்து ஓடிட்டாங்க.

முன்னால விறுவிறுன்னு வர்றா பாருங்க, அவதான் என் சம்சாரம். சிரிக்காதீங்க, அவ சிரிக்க மாட்டா.

இல்ல சார், போட்டு தானாத் தட்டலை. தண்ணி வத்துற நேரமாப் பாத்து அந்த ஆபீசரை அங்க கூட்டிட்டு வான்னு நேத்து அவதான் சொன்னா. என்கிட்டயே சொன்னா, நேரா என் மூஞ்சியப் பாத்து. நான் தட்டுவேனா, மாட்டேனா?

மத்ததை நீங்க ரெண்டு பேரும் பேசிக்கோங்க.