தாபோவின் காலை மாத்திரை

எங்கள் மெஸ்ஸில் செவ்வாய்க்கிழமை காலை உப்பிட்டுதான், நம் ரவை உப்புமா, சார். வெளிநாட்டுக் கேடட்டுகள் யாருக்கும் அது பிடிக்காது. தாபோ மட்டும் சர்க்கரை தூவி இரண்டு தட்டு சாப்பிடுவான். அவன் ஆப்பிரிக்காவில் லெசோத்தோ நாட்டு மலைக்காரன். நான் மலேசியத் தமிழன், ஊர் கிள்ளான். பெங்களூருக்கு வந்து இந்த ராணுவ அகாடமியில் சேர்ந்த அன்றே எங்களுக்கு ஒரே அறை கொடுத்தார்கள்.

இரண்டாவது வாரம் அவன் ஒன்று சொன்னான். அவனுக்கு வலிப்பு உண்டு. தினம் காலையில் ஒரு மாத்திரை போட்டால் வராது. வெளியே தெரிந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். அறைச் சோதனையில் அகப்படக் கூடாதே என்று, அம்மா எனக்கு அனுப்பிய வைட்டமின் டப்பாக்களில் ஒன்றைக் காலி செய்து, அவன் மாத்திரைகளை அதில் கொட்டி என் அலமாரியில் வைத்தேன். அன்று முதல் தினமும் என் கையால்தான் எடுத்துக் கொடுத்தேன். அவர்கள் மொழியில் அண்ணனை 'அபுட்டி' என்பார்களாம். அவன் என்னை யுவன் என்று கூப்பிட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் லிங்கராஜபுரம் போவோம். எங்கள் கிளினிக் நர்ஸ் பிரிஜெட் சிஸ்டர் வீட்டில் சாப்பாடு. "ஒருத்தனை விட்டு ஒருத்தன் வரவே மாட்டீங்களாப்பா? ஒரே வயித்துல பொறந்த மாதிரி இருக்கீங்க" என்பார்.

மார்ச் மாதத் தேர்வில் நான் தவறிவிட்டேன். ஆறு மாதம் கழித்து அடுத்த பேட்ச்சோடுதான் நான் முடிக்க முடியும். தாபோ ஜூனில் முடித்துப் போய்விடுவான்.

"நீயும் ஒரு டெர்ம் இருந்துட்டுப் போயேன்" என்றேன்.

"அப்பா பரேடு பார்க்க டிக்கெட்டே எடுத்துட்டார், அபுட்டி" என்று சிரித்தான்.

எனக்குக் கோபம் வரவில்லை. யோசித்தேன், அவ்வளவுதான். பயிற்சியின் கடைசியில், முதல் முறையாக வந்ததுபோல வலிப்பு வந்தால் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு அடுத்த பேட்ச்சில் சேர்ப்பார்கள். என்னோடு.

ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமையிலிருந்து அவனுக்கு என் வைட்டமினைக் கொடுத்தேன். இரண்டும் வெள்ளை, இரண்டும் வட்டம். அவன் பார்க்காமலே விழுங்குவான். என் கையிலிருந்து வருவதை அவன் ஏன் பார்க்க வேண்டும்?

பரேடு மைதானத்தில் வரும் என்று எதிர்பார்த்தேன். ஒன்பதாம் நாள் காலை நீச்சல் குளத்தில் வந்தது. நான் கரையில், அவனுக்குப் பத்தடி தள்ளி நின்றிருந்தேன். அவன் கை விறைத்தது, முகம் தண்ணீருக்குள் திரும்பியது. பயிற்சியாளர் அந்தப் பக்கம் வேறு யாருக்கோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நான் பள்ளியில் நீச்சல் சாம்பியன், சார். உடனே குதித்துத் தூக்கியிருந்தால் தசைப்பிடிப்பு என்று எழுதி, மறுநாளே பயிற்சிக்கு அனுப்பியிருப்பார்கள். பயிற்சியாளர் தன் கண்ணால் பார்ப்பது அவசியம். அவர் திரும்பும் வரை காத்திருந்தேன். அவர் திரும்ப நேரமாகிவிட்டது. பிறகு முதலில் குதித்தது நான்தான். அதை எல்லோரும் சொல்வார்கள். கரைக்குக் கொண்டுவந்தபோது அவனுக்கு மூச்சு இல்லை.

இன்று காலை எங்கள் அறையிலிருந்த மருந்துகளைக் குறித்துக்கொள்ள பிரிஜெட் சிஸ்டர் வந்தார். என் அலமாரியிலிருந்த அந்த வைட்டமின் டப்பாவைத் திறந்து, ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"யுவா, இது வைட்டமின் இல்லியே. ஃபிட்ஸ் மாத்திரை. உனக்கா?"

"தாபோவோடது, சிஸ்டர்."

"அவனோட ரத்தப் பரிசோதனையில எந்த மருந்தும் இல்லைன்னு வந்திருக்கேப்பா."

"கடைசி ஒன்பது நாளா நான் கொடுக்கல."

அவர் தாபோவின் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னை இங்கே, உங்கள் அலுவலகத்துக்குக் கூட்டிவந்தார். பொய் சொல்லியிருக்கலாம்தான். அவர் கையால் எவ்வளவோ சாப்பிட்டிருக்கிறேன், தோன்றவில்லை.

தாபோவின் அப்பாவிடம் இந்த மாத்திரை விஷயத்தை இன்னும் யாரும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். நேற்றுதான் வந்தார். இந்த வெயிலிலும் அவர்கள் ஊர் கம்பளியைப் போர்த்தியிருந்தார். குளத்தில் குதித்தது யார் என்று கேட்டார். என்னைக் காட்டினார்கள். அந்தக் கம்பளியை எடுத்து என் தோளில் போர்த்தி, "இனிமேல் நீதான் என் மகன்" என்றார்.

நான் மறுக்கவில்லை. அந்த வீட்டில் ஒரு பிள்ளை குறையக் கூடாது, சார்.